ஒட்டும் உறவும்

அந்தக் காலத்தில், செடியும் கொடியும் ஆடும் நாயும் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டு வாழ்ந்தபோது, ஒரு கண்மாய்க்கரை வேலியோரத்தில் ஒரு செடி நின்றது. அதற்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட அதனிடம் யாருக்கும் காரியம் இருந்ததில்லை.

மழைக்குப் பிறகு பூக்கும். ஈயும் எறும்பும் பூவுக்குப் பூ தாவிவிட்டுப் போகும். பூ விதையாகும். அதுவரை குறை ஒன்றுமில்லை. விதைகள் அத்தனையும் காலடியிலேயே உதிர்ந்து, அங்கேயே முளைத்து, தாயின் நிழலிலேயே வெயில் காணாமல் வெளுத்துச் சாகும். வருஷா வருஷம் பெற்ற பிள்ளைகளைத் தன் நிழலே தின்பதைப் பார்த்து அந்தச் செடிக்கு வயிறு எரிந்தது. இந்த வருஷம் இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. அறுவடை முடிந்ததும் வேலியை வெட்டித் தீ வைக்கப்போவதாகத் தோட்டத்துக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

செடி முதலில் காற்றைக் கேட்டது. "எருக்கு பஞ்சு வச்சிருக்கு, தூக்கிட்டுப் போறேன். ஒங்கிட்ட பிடிக்க என்ன இருக்கு?" என்றது காற்று. மைனாவைக் கேட்டது. மைனா ஒரு விதையைக் கடித்துப் பார்த்து, "இதைத் தின்னுட்டு நான் பறக்கணுமாக்கும்" என்று துப்பியது. துப்பியதும் செடியின் காலடியில்தான் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து, ஊர் ஊராக ஆட்டுக்கிடை போடும் கீதாரி சேவுகன் மந்தையோடு அந்தக் கரைக்கு வந்து தங்கினார். மந்தைக்குக் காவல் ஒரு சடைநாய், பெயர் செவலை. மயிரும் அதிகம், மப்பும் அதிகம். ஒரு நாள் உச்சிவெயிலில் செவலை கண்ணயர்ந்துவிட்டது. நரி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. கீதாரி கம்பை எடுத்துக்கொண்டு கிளம்ப, செவலை வாலைச் சுருட்டிக்கொண்டு வேலிக்கு ஓடிவந்தது.

"ஆத்தா, கொஞ்சம் எடம் குடு ஆத்தா. கீதாரி கையில சிக்குனா தோலை உரிச்சிருவாரு."

"எடம் குடுத்தா எனக்கு என்ன செய்வ?" என்று செடி கேட்டது.

"என்ன வேணும், சொல்லு."

"எம்புள்ளைகள வேற மண்ணுல கொண்டுபோயி விடணும். வெயில் படுற எடமாப் பாத்து."

"அம்புட்டுத்தானா? நாடு பூரா கொண்டுபோயி விடுறேன். இனி நமக்குள்ள ஒட்டும் உண்டு, ஒறவும் உண்டு."

செடி தன் கிளைகளைத் தாழ்த்தி நாயை மூடிக்கொண்டது. கீதாரி அந்தப் பக்கம் வந்தார், பார்த்தார், திட்டிக்கொண்டே போனார். பொழுது சாயச் சாய அவருடைய கோபமும் தணிந்தது. "செவலை, வாடா, கஞ்சி குடிக்க" என்று தூரத்திலிருந்து குரல் வந்ததும் நாய் துள்ளி எழுந்தது.

"எம்புள்ளைக?" என்று செடி நினைவூட்டியது.

"போ செடியே. கீதாரி கூப்புடுறாரு, எனக்கு வேலை கெடக்கு. ஒனக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்ல."

செடிக்கு உடம்பெல்லாம் கூசிச் சிலிர்த்தது. மேலே பார்த்து நின்ற விதைகள் அத்தனையும் தலைகீழாகத் திரும்பின. அவற்றை மூடியிருந்த தோல் காய்ந்து கூர்முள்ளானது.

"ஒறவில்லேன்னு சொல்ல ஒனக்கு வாயிருக்கு. சொல்லிக்க. ஒட்டு இருக்கா இல்லையான்னு நான்தான் சொல்லணும்" என்றது செடி.

செவலை ஒரே பாய்ச்சலில் வெளியே வந்தது. வந்த வேகத்தில் சடையில், வாலில், தொடையில் விதைகள் அப்பிக்கொண்டன. உதறியது, உருண்டது, ஒன்றும் விழவில்லை. மறுநாள் கிடை பெயர்ந்தது. தங்கிய ஊரிலெல்லாம் சேவுகன் நாயை மடியில் போட்டு, "எங்கடா போயி பொரண்ட, நாயை உருவியே என் விரல் தேஞ்சிரும்போல" என்று ஒவ்வொன்றாக உருவி எறிந்தார். எறிந்த இடமெல்லாம் நல்ல வெயில். பெயரில்லாத செடிக்கு நாயுருவி என்று பெயரும் அப்படித்தான் வந்தது.

அடுத்த வருஷம் மந்தை அதே கரைக்குத் திரும்பியது. வேலி இருந்த இடத்தில் கரிதான் இருந்தது. செவலை அந்தக் கரியை முகர்ந்து பார்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே படுத்துக் கிடந்தது. கஞ்சிக்குக் கூப்பிட்டும் போகவில்லை. தன்னை மூடிக் காத்தவளின் நினைவு அதற்கு இப்போதுதான் வந்தது.

அடுத்த ஊருக்குப் போகும் பாதையோரம் ஒரு இளஞ்செடி வாடி நின்றது. அதே வாடை. செவலை நின்று முகர்ந்தது.

"நீங்க யாரு?" என்று கேட்டது இளஞ்செடி.

"ஒறவுதான்" என்றது செவலை. மண் வறண்டு கிடந்தது. நாயிடம் குடம் ஏது, தண்ணீர் இறைக்கக் கமலை ஏது? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன்னால் ஆனதைச் செய்தது.

அதனால்தான் இன்றும் நாயுருவி கண்டவர் மேலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. நாயும், எத்தனை அவசரமாகப் போனாலும், வேலியோரச் செடியைக் கண்டால் நின்று, உறவா என்று முகர்ந்து பார்த்து, காலைத் தூக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் போகிறது.