மூன்றாம் அடியில் ஒரு தடுக்கல்

வயிரவனுக்கு வயது அறுபத்து மூன்று. நாற்பது வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர், வேலை ஓய்ந்ததும் மலையடிவாரப் பாடசாலையில் யாப்புப் படிக்கச் சேர்ந்தார். குரு செம்மலருக்கு வயது இருபத்தேழு. ஊர் சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. காடு கரையெல்லாம் அளந்த கைக்கு நாலடிப் பாட்டு எம்மாத்திரம் என்பார்.

அந்தப் பாடசாலையில் ஒரு வழக்கம் உண்டு. பழம்பாட்டு ஒன்றில் யாரும் காணாத பிழையைக் கண்டு திருத்தும் மாணவருக்கு, மறுநாளே சபையில் ஆசிரியர் வரிசையில் இடம். ஐந்து வருஷமாக வயிரவனின் கண் அந்த இடத்தின் மேல்தான்.

அன்று காலை ஏட்டோடு வந்து நின்றார். கிழப் புலவர் ஒருவர் தொலைந்த இளமையைக் கேட்டுப் பாடிய வெண்பா அது.

ஒருமூச்சில் ஏறி உயர்பாறை நின்று
பெருங்குரலில் ஊரை அழைத்த – பருவமே
எங்கேநீ மறைந்தாய்

என்று போகும்.

"மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது, அம்மா. 'எங்கேநீ'க்குப் பக்கத்தில் 'மறைந்தாய்' நிற்கக் கூடாது. வெண்பா அங்கே தடுக்குகிறது. 'போனாய்' என்று வைத்தால் தீர்ந்தது."

செம்மலர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். நீங்கள் சொல்லும் அளவு சரிதான் என்றாள்.

வயிரவனுக்குத் தரையில் கால் பாவவில்லை. நாளை சபையில் பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டினார். தலைமைப் புலவர் பேசுமுன் செருமுவாரே, அதே மாதிரி ஒருமுறை செருமியும் பார்த்துக்கொண்டார்.

பாட்டில் வரும் மலை இதுதான், சொல்லிக்கொண்டே ஏறலாம் வாருங்கள் என்று செம்மலர் எழுந்தாள். திருத்திய பாட்டைச் சொல்லியபடி முதலில் அவளே ஏறினாள். ஒரே ஓட்டம். எங்கும் தடுக்கவில்லை. உங்கள் திருத்தம் நன்றாக ஓடுகிறது ஐயா என்று உச்சியிலிருந்து குரல் கொடுத்தாள்.

அடுத்து வயிரவன். முதல் அடி கம்பீரமாகப் போனது. இரண்டாம் அடியில் வேட்டியை மடித்துக் கட்டினார். மூன்றாம் அடியில் "எங்கேநீ" என்றார். அதோடு மூச்சு நின்றது. பாறையைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சு துருத்திபோல் அடித்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று நிமிர்ந்து அவரையே பார்த்தது.

வெகுநேரம் கழித்து அடுத்த சொல் வந்தது. "மறைந்தாய்."

தன் வாயிலிருந்து எந்தச் சொல் வந்தது என்று அவருக்கே அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செம்மலர் இறங்கி வந்தாள். அவர் ஏட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அம்மா, பாடியவர் இதைத் தெரிந்துதான் வைத்தாரா? இல்லை, பிழைதானா?"

"அந்த இடத்தில் நான் இன்னும் நின்றதில்லை, ஐயா. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."