உறைந்த இலக்கில் ஏழு அம்புகள்

“குருவே, அம்பு வரமாட்டேங்குது.”

ரிக்ஸின் என்ற மாணவன் இப்படி வந்து நிற்பது இது மூன்றாவது நாள்.

இலக்காக நிறுத்தியிருந்த வைக்கோல் கட்டு மழையில் நனைந்து, குளிரில் கல்லாக உறைந்துவிட்டது. அவன் எய்த ஏழு அம்புகளும் உள்ளே மாட்டிக்கொண்டன. திருகிப் பார்த்தான். காலை ஊன்றி இழுத்துப் பார்த்தான். பனியில் மல்லாக்க விழுந்ததுதான் மிச்சம்.

அந்த மலை வில்வித்தைப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வீடு திரும்புகிறவர் தன் ஏழு அம்புகளையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

நாளைக்குக் கணவாய் மூடிவிடும். அப்புறம் ஆறு மாதத்துக்கு வழி கிடையாது.

குரு யாங்சென் அவனைவிடப் பத்து வயது இளையவர். கைகளை மேலங்கிக்குள் விட்டபடி கேட்டார்.

“வீட்டுக்குப் போகணும்னு ஆசை இருக்கா?”

“என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? டிஸ்கித்தைப் பார்த்து நாலு வருஷமாச்சு. அவ ரொட்டி தட்டுற சத்தம்கூட காதுல கேக்குது.”

பொய்யில்லை. மனைவிக்காக அவன் ஏங்குகிற ஏக்கம் பள்ளி முழுக்கத் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் பாதி ரொட்டியைப் பிய்த்துத் தட்டோரம் ஒதுக்கி வைப்பான். யாருக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை.

“அடுப்படி எவ்வளவு தூரம்?” என்றார் குரு.

“இருபது அடி இருக்கும்.”

“அங்க நாள் முழுக்க வெந்நீர் கொதிக்குதே.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

குருவே போய்க் கெண்டியைத் தூக்கி வந்தார். அம்பு குத்திய இடத்தில் ஊற்றினார். ஒன்று இளகி வந்தது. பிறகு இன்னொன்று. இப்படியே ஆறும் வந்துவிட்டன.

ஒவ்வொரு அம்பும் கைக்கு வர வர அவன் முகம் சுண்டிக்கொண்டே போனது.

ஏழாவதுக்குக் கெண்டியைச் சாய்க்கப் போனபோது குறுக்கே வந்து நின்றான்.

“அவகிட்ட சண்டை போட்டுட்டு, சொல்லாம கொள்ளாம வந்தவன் குருவே நான். கதவைத் திறக்கலைன்னா? திறந்தாலும் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு பேசுவேன்?”

அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

குரு மிச்ச வெந்நீரைப் பனியில் கொட்டினார். அம்போடு சேர்த்து வைக்கோல் கட்டைத் தூக்கினார். அவன் முதுகில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

“இந்த ஒண்ணுக்கு அவங்ககிட்ட கொஞ்சம் வெந்நீர் கேளுங்க.”