மழைச் சீலையின் உடையவர்

அன்று அவையில் இருந்தோரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்தி யார் யாரென்று கேட்பது கதைக்கும் அழகன்று, கேட்பவருக்கும் அழகன்று. அரியணையில், முன்னொரு காலத்தில் மருதங்கானல் நாட்டை ஆண்ட கோதைவேள். காலையில் கொடுத்த யானையை மாலையில் திருப்பிக் கேட்கும் குணமுடையவன். அவனுக்கு வலப்புறம் அமைச்சர் நன்னெறியார். இடப்புறம், அரண்மனைச் சுவர்களையெல்லாம் தீட்டிய தலைமை ஓவியர் சிங்கபிரான். அவைநடுவே, சுருட்டிய ஓவியச் சீலையொன்றுடன் சேந்தன் என்னும் இளைய ஓவியன். வாயிலருகே, சிங்கபிரான் தாமே அழைத்துவந்து நிறுத்தியிருந்த மூவர்: பாவைக்கூத்தர் கோமதிராயர், கல்தச்சர் குணவீரர், கோயில் வாசலில் கோலமிடும் செங்கமலம்.

சேந்தன் சீலையைத் தரையில் விரித்தான்.

வறண்ட ஆற்றில் முதல் மழை இறங்கும் காட்சி. கரையில் மாடுகள் முகம் தூக்கி நின்றன. ஒருத்தி குடத்தைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கையை நீட்டியிருந்தாள். கவரி வீசியவர்கள் வீசுவதை மறந்தார்கள். அரசன் தன் காலிரண்டையும் மெல்லத் தூக்கி அரியணைமேல் வைத்துக்கொண்டான். வைத்த பிறகே தான் செய்தது அவனுக்குத் தெரிந்தது.

"கால் நனைந்துவிடுமோ என்று எண்ணினோம்" என்றான். "புதிய மண்டபத்துச் சுவர்கள் நான்கும் உனக்கு. தீட்டு."

அந்தச் சுவர்கள் தமக்கே என்று நம்பியிருந்த சிங்கபிரான் எழுந்தார்.

"களவுப் பொருளுக்கா பரிசு, அரசே? இவள் கண், கோமதிராயரின் தோல்பாவையினுடையது. இவள் நிற்கும் நிலை, குணவீரரின் சிலையினுடையது. ஆற்றில் விழும் துளிகள், செங்கமலத்தின் கோலப்புள்ளிகள். சாயம் அரைக்கக்கூட இவன் என் பட்டறையில் கற்றவன். இவனுடையது என்று இதில் என்ன இருக்கிறது?"

"உண்மையா?" என்று சேந்தனைக் கேட்டான் அரசன்.

"உண்மைதான், அரசே. ஊர் ஊராகத் திரிந்தேன். கண்ணில் பட்டவற்றுள் கைக்குப் பிடித்ததை எடுத்தேன். ஒளிக்கவில்லையே."

"அப்படியானால் சீலையை அலசிவிடுங்கள். இவன் இனி நம் நாட்டில் தூரிகை தொடக்கூடாது."

சேந்தனுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை.

"அலசலாம், அரசே" என்றார் நன்னெறியார். "ஆனால் களவென்று சொன்னபின் நம் நாட்டு வழக்கமொன்று இருக்கிறது. உடையவர் அவைநடுவே பொருளின்மேல் கைவைத்து, 'இது என்னுடையது' என்று சொல்ல வேண்டும். கைவைப்பார் இல்லையேல் பொருள் வைத்திருந்தவனுக்கே. சிங்கபிரானார் பெருமனம் படைத்தவர். உடையவர்களைத் தாமே கூட்டிவந்திருக்கிறார். நமக்கு ஆளனுப்பும் வேலை மிச்சம்."

கோமதிராயர் குனிந்து கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"கண்ணின் வடிவம் என்னுடையதுதான், மகாராஜா. ஆனால் என் பாவையின் கண் வெறும் துளை. பின்னால் விளக்கு வைத்தால்தான் அது பார்க்கும். இவளுக்குப் பின்னால் விளக்கில்லையே."

குணவீரர் சீலையைச் சுற்றிவந்தார். "இடுப்பொடித்து நிற்கும் இந்த நிலை நான் செதுக்குவதே. ஆனால் என் அம்மன் அசையமாட்டாள். அசைந்தால் ஊரார் எனக்குக் கூலி தரமாட்டார்கள். இவளோ இப்போது ஓடப் போகிறாள். நான் கைவைக்கமாட்டேன்."

செங்கமலம் ஆற்றை மட்டும் பார்த்தாள். "புள்ளி வைத்தால் கோடு சுற்றிவந்து மூடிக்கொள்ள வேணும், சாமி. இங்கே ஒவ்வொரு புள்ளியும் விரிஞ்சுக்கிட்டே போகுது. இப்படிப் போட்டால் என் மாமியார் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்."

அவை சிரித்தது. சிங்கபிரானால் பொறுக்க முடியவில்லை. முன்னே வந்து மண்டியிட்டு, ஓவியப் பெண்ணின் தோளிலிருந்து இறங்கும் கோட்டின்மேல் உள்ளங்கையை அழுத்தினார்.

"இந்தக் கோடு என்னுடையது. நான் கற்பித்தது."

"ஆம், ஐயா. உங்களுடையதுதான்" என்றான் சேந்தன் தயங்காமல்.

"பிறகென்ன? குடத்தில் தண்ணீர் கொண்டுவாருங்கள்" என்றான் அரசன்.

"நிறையவே கொண்டுவரட்டும்" என்றார் நன்னெறியார். "சிங்கபிரானாரே, இந்தக் கோடு உமக்கு யாரிடமிருந்து வந்தது?"

"என் ஆசிரியரிடமிருந்து."

"அவர் வந்து உம் சுவர்களில் கைவைத்தால்?"

நன்னெறியார் அரசன் பக்கம் திரும்பினார்.

"அரசே, களவுகளில் மூத்ததை முதலில் விசாரிப்பதே முறை. சிங்கபிரானார் தீட்டிய தங்கள் திருமுகம் அரியணைக்கு மேலேயே இருக்கிறது. அதிலிருந்து கழுவத் தொடங்கலாமா?"

கோதைவேள் அண்ணாந்து தன் முகத்தைப் பார்த்தான். வந்துநின்ற குடத்தையும் பார்த்தான்.

"தண்ணீரைத் திருப்பிக் கொண்டுபோங்கள். சிங்கபிரானாரே, கையை எடும். உமக்கு வந்த வழியில்தான் இவனுக்கும் வந்திருக்கிறது. மண்டபம் சேந்தனுக்கு. அமைச்சருக்கு நம் முத்துமாலை. மாலையில் திருப்பிக் கேட்கமாட்டோம்."

சிங்கபிரான் கையை எடுக்கவில்லை. அந்தச் சீலையை அவர் அதுவரை இவ்வளவு அருகில் பார்த்ததில்லை. தோளில் தொடங்கியபோது அது அவருடைய கோடு. முழங்கையைத் தாண்டியதும், அவர் கை ஒருநாளும் போகாத இடத்துக்கு அது போயிருந்தது. முதல் துளியை ஏந்த ஐந்து விரல்களும் விரிந்திருந்தன. அவ்விரல்களைக் கல்லில் கண்டோமா, தோலில் கண்டோமா, தம் ஆசிரியரின் சுவரில் கண்டோமா என்று அவர் நெடுநேரம் தேடினார்.

பிறகு கையை எடுத்தார். எழுந்தார். வாயிலுக்குப் போகும் வழியில் சீலை விரிந்து கிடந்தது. வேட்டியின் விளிம்பு நனைந்துவிடாதபடி ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த ஆற்றின் கரையோரமாகவே நடந்து வெளியேறினார்.

அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை.