இசக்கியம்மாள் போட்ட பூஜ்யம்

சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடம். அங்கே பேராசிரியர் ஆதிமூலம் வைத்ததுதான் சட்டம். துகள்கள் மோதும்போது தோன்றி மறையும் வளையம் ஒன்றுக்கு அவர் பலகை நிறையத் தொகையீடு எழுதினார். கணினி தந்த சின்னஞ்சிறு விடையைப் புதுக் கண்டுபிடிப்பு என்று கட்டுரையில் எழுதி, அரங்கில் கூடியிருந்தவர்களிடம் அறிவித்தார்.

"விடை தப்பு சார்" என்று எழுந்தாள் மாணவி இசக்கியம்மாள்.

அவர் முகம் சிவந்தது. "கம்ப்யூட்டரே திணறிப் போட்ட கணக்கு! சாக்பீஸைப் பிடி, இங்கேயே போட்டுக் காட்டு. முடியலைன்னா என் குழுவில் உனக்கு இடமில்லை."

அவள் பலகைக்குப் போனாள். ஓரத்தில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டாள்.

"என்னம்மா, உன் மார்க்கா?" என்றார். அரங்கம் சிரித்தது.

"விடை சார். வளையத்தில் ஓடுற உந்தத்தை எல்லாத் திசையிலும் கூட்டுறோம். ஒரு திசையில் கூட்டலா வர்றது, எதிர்த்திசையில் அதே அளவு கழித்தலா வருது. மிச்சம் என்ன?"

ஆதிமூலம் உந்தத்தின் குறியை மாற்றி எழுதிப் பார்த்தார். அதே தொகையீடு முழுவதும் கழித்தல் குறியோடு வந்து நின்றது; தன் எதிர்க்குறிக்கே சமமான எண் பூஜ்யம் மட்டும்தான்.

"அப்போ கம்ப்யூட்டர் கொடுத்தது?"

"தசமங்களை வெட்டி வெட்டிக் கூட்டினதில் அதுக்கு மிஞ்சின தோராயப் பிழை சார். இப்போ சொல்லுங்க, குழுவிலிருந்து என் பேரை எடுக்கணுமா, கட்டுரையிலிருந்து உங்க விடையை எடுக்கணுமா?"