கரடி எருவாகாத கதை

ஒரு காட்டில், தான் படுத்தால் காடே படுத்துவிடும் என்று நம்பிய கரடி ஒன்று இருந்தது. ஓடைக்கு மேல்கரையில் அரை ஏக்கர் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டிருந்தது. ஓர் இலை சுருண்டால் போதும், அதைக் கிள்ளி எடுத்துக்கொண்டு கொக்கு வைத்தியரிடம் ஓடிவிடும்.

ஒரு நாள் வேலி கட்டும்போது அதன் பின்னங்காலில் கருவேல முள் ஏறிவிட்டது. கரடி அதன்மேல் கொஞ்சம் சேற்றை அப்பிவிட்டு வேலையைப் பார்த்தது. ஐந்தாம் நாள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

"வைத்தியர்கிட்ட போய்க் காட்டுங்க," என்றது அதன் மனைவி.

"இது கொடி புரட்டிவிடற நேரம். விட்டா கணுவுக்குக் கணு வேர் இறங்கிடும். கிழங்கு சுண்டுவிரல் அளவுக்குத்தான் வரும். அறுவடை முடியட்டும்."

"கொடியை நான் புரட்டறேன்."

"நீ அறுத்துடுவே."

"போன வருஷம் பல்வலிக்கும் அறுவடை முடியட்டும்னுதான் சொன்னீங்க."

"இப்ப வலிக்குதா?"

"பல்லே இல்லையே."

"அப்புறம் என்ன," என்றபடி கரடி நொண்டிக்கொண்டே வயலுக்குப் போனது.

அங்கே ஓர் இலையில் ஓட்டை இருந்தது. கரடிக்கு உயிரே போய்விட்டது. இலையைக் கிள்ளிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துக் கொக்கிடம் வந்து சேர்ந்தது.

கொக்கு இலையைப் பார்க்கவில்லை. காலை முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டது.

"இலைக்கு ஒண்ணுமில்லப்பா. உனக்குத்தான் விஷம் முழங்கால் வரைக்கும் ஏறிடுச்சு. இன்னிக்கே முள்ளை எடுத்துட்டுப் பத்து நாள் படுக்கணும். இல்லேன்னா செத்துப்போவே."

"பத்து நாளா? சரிப்படாது வைத்தியரே. கொடி கிடக்கு."

இந்த ஆளிடம் உயிரைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று கொக்குக்குப் புரிந்துவிட்டது.

"உன் இஷ்டம். எந்தப் பாத்தியில புதைக்கச் சொல்லட்டும்? உன் உடம்பு ரெண்டு பாத்திக்கு எருவாகும்."

கரடி கோபித்துக்கொள்ளவில்லை. தாடையைச் சொறிந்தபடி யோசித்தது. வடக்குப் பாத்தி இரண்டு வருஷமாக எரு காணாமல் வெளுத்துத்தான் கிடக்கிறது.

"வடக்குப் பாத்தியில போடுங்க. மேட்டுப் பக்கமாப் போடுங்க. தண்ணி பாயறப்ப சத்து கீழே இறங்கும்," என்றது.

கொக்கு அலகை மூட மறந்து நின்றது. பிறகு சுதாரித்துக்கொண்டது.

"அது முடியாதே. சீழ்பிடிச்ச உடம்பைப் புதைச்சா புழு வைக்கும். புழு உன்னைத் தின்னு முடிச்சதும் கிழங்குக்குப் போகும். அரை ஏக்கரும் போச்சு."

கரடிக்கு வியர்த்துவிட்டது. சட்டென்று உட்கார்ந்து காலை நீட்டியது.

"எடுங்க வைத்தியரே. இப்பவே எடுங்க."

கொக்கு நீண்ட அலகால் முள்ளைப் பிடுங்கி, சீழை வெளியேற்றி, மருந்து வைத்துக் கட்டியது. கரடி பத்து நாள் குகையில் படுத்துக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் மனைவியே போய்க் கொடியைப் புரட்டிவிட்டு வந்தது.

பதினோராம் நாள் கரடி எழுந்து வயலுக்குப் போனது. ஒவ்வொரு பாத்தியாகக் குனிந்து தேடிப் பார்த்தது. ஒரு கொடிகூட அறுந்திருக்கவில்லை. ஒரு செடிகூடச் சாகவில்லை.

அதில் கரடிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நீதி: உழவன் பத்து நாள் படுத்தால் வயல் செத்துவிடாது, படுக்க வேண்டிய நேரத்தில் படுக்காவிட்டால் உழவன் செத்துவிடுவான்.