கணப்பில் கறுத்த ராஜமுகம்

பனிச்சுனை நாட்டை ஆண்ட ரணசூரபூபதி போர்க்களத்தில் நடுங்கியதே கிடையாது. போனால்தானே நடுங்குவதற்கு! மார்கழிக் குளிர்தான் அவரை ஆட்டிவைக்கும். அதற்காகச் சபை நடுவில் ஆளுயரக் கணப்பு ஒன்றை வைத்திருந்தார்கள். உள்ளே கரி கனலும். வெளியே செப்புத் தகட்டில் கூடு.

வினை அதில்தான் வந்தது. சபைக்கு வந்தவர்கள் எல்லாம் கணப்பைப் பார்த்தே கைகூப்பினார்கள். கூப்பிய கையை அப்படியே விரித்துக் குளிர்காய்ந்தார்கள். சிம்மாசனத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பது பலருக்கு மறந்தே போயிற்று.

"ஒரு செப்புக் கூட்டுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா?" என்று ராஜா பொருமினார்.

அரண்மனை அதிகாரி காளத்தியப்பர் புன்னகையோடு எழுந்தார். அவர் எதற்கும் புன்னகையோடுதான் எழுவார். "கூட்டின்மேல் மகாராஜாவின் திருமுகத்தையே வரைந்துவிடலாமே! நம் சித்திரக்காரர் மங்கைபாகர் எதற்கு இருக்கிறார்?"

மங்கைபாகர்மேல் அவருக்குப் பழைய காட்டம். அவருடைய வழுக்கையை வழுக்கையாகவே வரைந்து கொடுத்த பாவி அல்லவா!

"நல்ல யோசனை!" என்றார் ராஜா. "படம் அச்சு அசல் என்னைப் போலவே இருக்க வேண்டும். மயிரிழையும் பிசகக் கூடாது."

"தீ எரியும்போதும் நிறம் மாறக் கூடாது, பிரபு" என்று எடுத்துக் கொடுத்தார் காளத்தியப்பர்.

"ஆமாம். மாறினால் கட்டைவிரலை வெட்டுவேன்."

மங்கைபாகர் அழாத குறையாகச் சபைப் புலவர் கூத்தபிரானின் வீட்டுக்கு ஓடினார். "ஐயா, செம்பு சூடேறினால் எந்த வர்ணமும் கருகிவிடும். விரல் போனால் நான் தூரிகையை எப்படிப் பிடிப்பேன்?"

"நீர் போய் வரையும். கருகுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கம்பீரமாகச் சொல்லி அனுப்பினார் கூத்தபிரான். சித்திரக்காரர் போன பிறகுதான், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தமக்கே தெரியாதது உறைத்தது. சோறு இறங்கவில்லை. வாய் பெரிதாக இருப்பதில் இதுதான் தொல்லை.

சோதனை நாள் வந்தது. செப்புக் கூட்டில் ராஜா முறுக்கு மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார். சபையே சொக்கியது. கரியை மூட்டினார்கள். முதலில் படத்தின் கன்னம் சிவந்தது. பிறகு நெற்றி கறுத்தது. கடைசியில் மீசை நுனி பெயர்ந்து படபடவென்று துடித்தது.

"என் முகத்தையா கருக்கினாய்?" ராஜா குதித்து எழுந்தார். "வெட்டுங்கள் விரலை!"

கூத்தபிரான் பதறிப்போய் ராஜாவை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பக்கத்திலிருந்த வெள்ளி வெற்றிலைத் தட்டை எடுத்துக் கண்ணாடிபோல ராஜாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மகாராஜா, படத்தையும் பாருங்கள், இதையும் பாருங்கள். கன்னம் சிவந்திருக்கிறதா?"

"இருக்கிறது."

"நெற்றி?"

"கறுத்து... இருக்கிறது."

"மீசை துடிப்பதை நானே பார்க்கிறேன். உள்ளே அனல் ஏறினால் தங்களுக்கு எப்படி ஆகுமோ, படத்துக்கும் அப்படியே ஆகிறது. இதைவிட அச்சு அசலாக யாரால் வரைய முடியும்?"

ராஜாவுக்குக் கோபத்தைத் தொடர்வதா, விடுவதா என்று தெரியவில்லை. காளத்தியப்பர் குறுக்கே பாய்ந்தார், அதே புன்னகையோடு.

"பேச்சை மாற்றாதீர், புலவரே! உள்ளே எவ்வளவு எரிந்தாலும் வெளியே முகம் மாறக் கூடாது. அதுதானே ஆணை?"

"அடடா, அதிகாரி ஐயா! அது ராஜாவின் முகம் இல்லையே!" என்றார் கூத்தபிரான். "உள்ளே வருஷக்கணக்காக எரிந்தும் வெளியே புன்னகை மாறாத முகம் இந்தச் சபையில் ஒன்றே ஒன்றுதான். தாங்கள் கொஞ்சம் அசையாமல் நின்றால், மங்கைபாகர் இப்போதே வரைந்துவிடுவார்."

ராஜா சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சபையும் கூடவே சிரித்தது. ராஜா சிரித்துவிட்டாரே, இனி பயமில்லை.

மங்கைபாகரின் விரல் தப்பியது. கூடவே ஒரு பட்டுச் சால்வையும் கிடைத்தது. கூத்தபிரானுக்குக் கணப்பின் பக்கத்திலேயே ஓர் ஆசனம் போட்டுக் கொடுத்தார்கள். பனிச்சுனை நாட்டில், அதுவும் மார்கழியில், அதைவிடப் பெரிய பதவி கிடையாது.