புரட்டித் தைத்த ஏப்ரன்

"சிஸ்டர், இந்தக் கறை மங்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

சலேத்தம்மாள் மேசைமேல் வைத்தது மகள் அமலியின் ஏப்ரன். மலைமேல் இருந்த அந்த மடத்துச் சமையற்கட்டில் அதைக் கட்டிக்கொண்டுதான் அமலி வேலை செய்தாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். இடுப்பின் இரண்டு பக்கமும் அவள் கை துடைத்த மஞ்சள் தடம், விரல் விரலாக அப்படியே இருந்தது.

தையலறையை நடத்திய சிஸ்டர் லியோனா வயதில் இளையவர்தான். மகள் போனபின் பித்துப்பிடித்தவளாகக் கிடந்த சலேத்தம்மாளை இழுத்துவந்து ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

சிஸ்டர் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கறை இருந்த இடமெல்லாம் பொடிப்பொடியாக ஓட்டை.

துவைக்கவே இல்லையா என்று கேட்டார்.

எப்படித் துவைப்பாள்? பெற்ற வயிறு ஒத்துக்கொள்ளுமா? பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாள். தினமும் எடுத்து முகர்ந்து பார்ப்பாள், அழுவாள், மறுபடி பூட்டுவாள்.

"எண்ணெயும் மஞ்சளும் பட்ட இடத்தைத்தான் பூச்சி தின்னுதும்மா. பெட்டியில வச்சா ஒண்ணும் மிஞ்சாது."

"துவைச்சா?"

"கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும்."

"அப்ப வழி?"

"இல்ல."

சலேத்தம்மாளுக்கு மகளென்று மிஞ்சியது அந்த விரல்கள் மட்டும்தான்.

சிஸ்டர் கத்தரியை எடுத்துத் தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

அது இரட்டைத் துணி ஏப்ரன். வெள்ளைக்காரர் பங்களாக் காலத்துத் தையல். மைதா மூட்டையைப் பிரித்து வெளுத்து, இரண்டு துணியாகச் சேர்த்துத் தைப்பார்கள். முன்பக்கம் கறையேறினால் துரைசாணி திட்டுவாளே என்று, பிரித்து, கறைப்பக்கம் உடம்போடு படும்படி புரட்டித் தைத்துக்கொள்வார்கள் பங்களாச் சமையல்காரர்கள். மடத்தில் அந்த வழக்கம் நிற்கவில்லை.

"என் பிள்ளைய மறைக்கிறீங்களா?" என்று சலேத்தம்மாள் துணியைப் பற்றி இழுத்தாள்.

சிஸ்டர் அவள் விரல்களை மெல்ல விலக்கிவிட்டு, கறைப்பக்கம் உள்ளே போகும்படி தைத்து முடித்தார். பிறகு அவளை எழுப்பி, ஏப்ரனை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"உலை கொதிக்குது. அடுப்படியில ஆள் இல்ல."

முன்பக்கம் ஒன்றுமே நடக்காததுபோல் வெள்ளையாக இருந்தது. சலேத்தம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவிழ்த்தெறிய முதுகுப்பக்கம் முடிச்சைத் தேடினாள்.

இழுத்த இழுப்பில் துணி இன்னும் இறுகியது. இரண்டு பக்கமும் அந்தத் தடம், இடுப்போடு, விரல் விரலாக.

முடிச்சிலிருந்து கையை எடுத்தாள். வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள்.

"சிஸ்டர், உப்பை எங்க வைப்பா அவ?"